கன்னத்துப் புண்ணிலிருந்து கழுத்து வரை

"கத்தி வைத்தால் நோய் பரவிவிடும்" என்ற பேச்சை, திசு நோயியல் ஆய்வகத்தில் டெக்னீஷியனாகப் பணியாற்றிய காலம் முழுவதும், பயாப்சி முடிவை வாங்க வந்து சன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றவர்களிடம் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். சதையில் ஒரு துணுக்கை வெட்டி எடுத்த பிறகுதான் கட்டி வேகமாக வளர்ந்தது என்று உறுதியாகச் சொன்னவர்கள் உண்டு. அந்த அச்சத்தால் பயாப்சிக்கே போகாமல் மாதக்கணக்கில் தள்ளிப்போட்டு, கன்னம் துளைபட்ட பிறகு வந்து சேர்ந்தவர்களும் உண்டு. என் பெரியப்பாவுக்கு வாயில் புற்றுநோய் வந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சு எழுந்தது. அவருடைய நோய் எப்படி உருவாகி, எந்த வழியாகக் கழுத்துக்குப் போனது என்பதை, கண்ணாடித் தகடுகளில் நான் பார்த்தவற்றோடும் எங்கள் ஆய்வகத்து மருத்துவர்கள் விளக்கியவற்றோடும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பரவுவதற்கு வேண்டிய திறன்களை அந்தத் திசு, கத்தி படுவதற்கு நெடுநாள் முன்பே, ஒவ்வொன்றாகப் பெற்றுவிடுகிறது என்பதைப் புரிந்துகொண்டால், எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்பது தெளிவாகும்.

பெரியப்பா இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் வேலை பார்த்தவர். இரவு ஷிப்டில் கண் அசராமல் இருப்பதற்காகத் தொடங்கிய பழக்கம், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் நீங்கவில்லை. வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கையும் சேர்த்து மென்று, சக்கையை இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார். சில நாள் அப்படியே தூங்கியும் விடுவார். அந்தக் கன்னத்தின் உட்புறத்தில் பல ஆண்டுகளாக ஒரு வெண்படலம் இருந்தது. சுண்ணாம்பு வெந்த தழும்பு என்று பெரியம்மா சொல்வார், யாரும் மறுத்துப் பேசியதில்லை. பிறகு காரம் பட்டால் எரிச்சல், அதன் பிறகு ஒரு புண். மணத்தக்காளிக் கீரை, பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை, மருந்துக் கடையில் கொடுத்த களிம்பு என்று ஒன்றரை மாதம் போயிற்று. ஆடிய கடைவாய்ப் பல்லைப் பிடுங்கச் சென்ற இடத்தில், பல் மருத்துவர் புண்ணின் விளிம்பை விரலால் அழுத்திப் பார்த்து, அது கெட்டிப்பட்டிருப்பதைக் கண்டு, பல்லைத் தொடாமல் அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்.

இரண்டு வாரத்தில் ஆறாத வாய்ப்புண்ணைக் காட்டிவிட வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கன்னத்தின் உட்புறத் தோல் பல அடுக்குகளாக அமைந்த செல்களால் ஆனது. அடியில் இருக்கும் ஒற்றை வரிசைச் செல்களுக்கு மட்டுமே பிரிந்து பெருகும் உரிமை உண்டு. அவற்றிலிருந்து பிறந்தவை மெல்ல மேலே தள்ளப்பட்டு, தட்டையாகி, கடைசியில் எச்சிலோடு உதிர்ந்துவிடுகின்றன. இந்தச் சுற்று முடிய ஏறத்தாழ இரண்டு வாரம் ஆகும். பல் குத்தியோ சூடு பட்டோ வந்த சாதாரணப் புண், காரணம் நீங்கினால், அந்தக் கால அளவில் மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை என்றால், அடிவரிசையில் ஏதோ முறை தவறியிருக்கிறது என்று ஐயப்படுவதற்கு இடம் இருக்கிறது. வலி இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. பெரியப்பாவுக்குத் தொடக்கத்தில் வலியே இல்லை.

அடிவரிசைக்குக் கீழே அடித்தளச் சவ்வு என்று ஒரு மெல்லிய படலம் ஓடுகிறது. அதற்கு மேலே இரத்தக் குழாய் எதுவும் கிடையாது. இரத்தக் குழாய்கள், நிணநீர்க் குழாய்கள், நரம்புகள் எல்லாம் சவ்வுக்குக் கீழேதான். இந்த ஓர் அமைப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் எல்லாம் எளிதில் விளங்கும்: சவ்வுக்கு மேலே இருக்கும் வரை ஒரு செல் எவ்வளவு கெட்டுப்போனாலும் உடலின் வேறு இடத்துக்குப் போக அதற்கு வழி இல்லை.

ஒரே இடத்தில் ஒரே பொருள் நாள்தோறும் பட்டுக்கொண்டிருந்தால் புற்று வரும் என்பது பழைய செய்தி. இலண்டனில் புகைபோக்கி துடைக்கும் தொழில் செய்தவர்களின் விதைப்பையில் வந்த புற்றுக்குக் கரிப்புகையின் அழுக்கே காரணம் என்று அறுவை மருத்துவர் பெர்சிவல் பாட் 1775இல் எழுதினார். முயலின் காதில் தார் தடவிக்கொண்டே வந்து, அங்கே புற்றை உண்டாக்கிக் காட்டிய ஜப்பானிய ஆய்வாளர்கள் யமகிவாவும் இச்சிகவாவும் அந்த முடிவை 1915இல் வெளியிட்டார்கள். பெரியப்பாவின் கன்னத்தில் நடந்ததும் இதே வகைதான். புகையிலையில் உள்ள நைட்ரோசமின் வகைப் பொருள்கள் உடலில் மாற்றமடைந்து டி.என்.ஏ.வில் ஒட்டிக்கொள்கின்றன, செல் பிரியும்போது அந்த இடத்தில் மரபுச் செய்தியின் ஓர் எழுத்து மாறிவிடுகிறது. பாக்கில் உள்ள அரிகோலின் தன் பங்குக்குத் திசுவைக் கெடுக்கிறது, சுண்ணாம்பு அந்த வேதிவினைகளைத் தூண்டிவிடுகிறது. புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், பாக்கு தனியாகவும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை வகைப்படுத்தியிருக்கிறது. "நான் புகையிலை போடுவதில்லை, வெறும் பாக்குத்தான்" என்று சொல்லித் தப்ப நினைக்கிறவர்கள் இதை ஒரு முறைக்கு இரு முறை படிக்க வேண்டும். பாக்கைத் தொடர்ந்து மெல்லுவதால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய் தனியாக உண்டு; மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைக்க முடியவில்லை என்றால் பல் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவும் புற்றாக மாறக்கூடிய நிலையே.

நோய் என்னவென்று தெரிந்ததும் பெரியம்மா என்னைத் தனியாக அழைத்துக் கேட்ட முதல் கேள்வி, "தட்டு, தம்ளரைத் தனியா வைக்கணுமா பாப்பா? பிள்ளைகளுக்கு ஒட்டிக்கிடுமா?" என்பதுதான். தேவையில்லை என்று சொன்னேன். புற்றுச் செல் வெளியிலிருந்து வந்ததல்ல. நோயாளியின் சொந்தச் செல்லே வழி மாறியது. கோழிகளில் புற்றை உண்டாக்கும் வைரஸை 1911இல் பெய்ட்டன் ரௌஸ் கண்டறிந்த பிறகு, புற்றுநோயே தொற்றுநோய்தானோ என்ற எண்ணம் சிலரிடம் எழுந்தது. அந்த வைரஸின் புற்று உண்டாக்கும் மரபணு, நோயே இல்லாத கோழியின் செல்லிலும் இயல்பாக இருக்கிறது என்று 1976இல் பிஷப்பும் வார்மஸும் குழுவினரும் காட்டினார்கள்; 1989இல் அவர்கள் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. செல்லை வளரச் சொல்லும் மரபணுக்கள் நம் எல்லோரிடமும் உள்ளன. அவை கெட்டு, நிறுத்தாமல் வளரச் சொல்லத் தொடங்கும்போது ஒரு பாதி வேலை நடந்துவிடுகிறது. மறுபாதி, தடுக்கும் மரபணுக்கள் செயலிழப்பது. அவற்றில் பி53 என்பது முதன்மையானது: டி.என்.ஏ. பழுதடைந்தால் பிரிவதை நிறுத்தி வைக்கும், பழுதைச் சரி செய்ய முடியாவிட்டால் அந்தச் செல்லைச் சாகச் செய்யும். புகையிலை தொடர்பான வாய்ப் புற்றுகளில் பெரும்பாலானவற்றில் இந்த மரபணு கெட்டிருக்கும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான பாப்பிலோமா வைரஸ்கூட, தன் புரதம் ஒன்றால் இதே பி53ஐ அழித்துத்தான் காரியம் சாதிக்கிறது. அந்த வைரஸ் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும், அதற்குத் தடுப்பூசியும் உண்டு. ஆனால் புற்று தொற்றாது.

ஒரு மரபணு கெட்டால் மட்டும் போதாது என்பதால்தான் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒரு செல்லில் ஒரு மாற்றம் நேர்ந்து, அதனால் அது பக்கத்துச் செல்களைவிடச் சற்று வேகமாகப் பெருகி, அதன் வழித்தோன்றல்களில் ஒன்றில் இன்னொரு மாற்றம் நேர்ந்து, அதுவும் பெருகி என்று இது படிப்படியாகப் போகிறது. இந்த இடைப்பட்ட படிகளை நுண்ணோக்கியில் பார்க்க முடியும். ஹிமட்டாக்ஸிலின் சாயத்தில் நீலமாகத் தெரியும் உட்கருக்கள், நல்ல திசுவில் அடிவரிசையில் நெருக்கமாகவும் மேலே போகப் போகச் சிறுத்தும் இருக்கும். கெடத் தொடங்கிய திசுவில் பெரிய, ஒழுங்கற்ற உட்கருக்கள் மேலடுக்குகளிலும் தென்படும். செல் பிரியும் காட்சியை, அது இருக்கக் கூடாத உயரத்தில் காணலாம். அறிக்கையில் இதை டிஸ்பிளேசியா என்று எழுதி, லேசானது, நடுத்தரம், கடுமையானது என்று தரம் பிரிப்பார்கள். டிஸ்பிளேசியா என்று எழுதியிருந்தால் புற்று வந்துவிட்டது என்று பொருள் இல்லை. சவ்வு இன்னும் உடையவில்லை. வெண்படலத்தை இந்தக் கட்டத்தில் காட்டுபவர்கள் பலருக்குச் சிறு அறுவையோடும் பழக்கத்தை விட்டுவிடுவதோடும் தொடர் கண்காணிப்போடும் முடிந்துவிடுகிறது. சிவந்த திட்டு இருந்தால் வெண்படலத்தைவிடக் கூடுதல் அவசரம் காட்ட வேண்டும்.

இனி பயாப்சிக்கு வருகிறேன். வீட்டில் இரண்டு நாள் வாக்குவாதம். சித்தப்பா ஒருவர், தெரிந்தவருக்கு வெட்டிப் பார்த்த பிறகுதான் கழுத்தில் நெறி கட்டியது என்றார். அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் கண்ட வரிசை அதுதான். ஆனால் நெறி வெளியே தெரியும் அளவுக்கு வளர்வதற்கு முன், அதற்குள் செல்கள் குடியேறி மாதங்கள் ஆகியிருக்கும். நோய் முற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் பயாப்சி எடுக்கப்படுகிறது என்பதால், அடுத்து நடப்பதெல்லாம் பயாப்சியின் தலையில் விழுகிறது. ஊசி போன வழியில் புற்றுச் செல்கள் தங்குவது சில உறுப்புகளில் அரிதாகப் பதிவாகியிருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை. அத்தகைய இடங்களில் எந்த வழியாக ஊசி செலுத்துவது என்பதை அறுவை மருத்துவர் முன்கூட்டியே திட்டமிடுகிறார். வாயில் துணுக்கு எடுத்த இடம், பிறகு நடக்கும் அறுவையில் முழுவதுமாக வெட்டி எடுக்கப்படும் பகுதிக்குள்ளேயே வந்துவிடுகிறது.

பயாப்சி எங்கே எடுக்கப்படுகிறது, எதில் போட்டு அனுப்பப்படுகிறது என்பதில் குடும்பத்தினர் கவனிக்க வேண்டியவை உண்டு. புண்ணின் நடுவில் செத்த திசுவும் சீழும்தான் இருக்கும். புண்ணும் நல்ல தோலும் சேரும் விளிம்பிலிருந்து, ஓரளவு ஆழமாக எடுத்தால்தான் சவ்வு உடைந்திருக்கிறதா என்று சொல்ல முடியும். நடுவிலிருந்து எடுத்த துணுக்கில் புற்று இல்லை என்று வந்தால், அந்த முடிவை வைத்து நிம்மதியடையாமல், மறுபடி எடுக்க வேண்டுமா என்று மருத்துவரைக் கேட்க வேண்டும். துணுக்கை உடனே, திசுவைக் கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் கரைசலில் போட வேண்டும். திசுவின் அளவைப்போல் குறைந்தது பத்து மடங்கு ஃபார்மலின் வேண்டும். உப்புக் கரைசலிலோ தண்ணீரிலோ போட்டுப் பல மணி நேரம் கழித்து வந்த திசுக்களில் செல்கள் ஊதிக் கரைந்து, யாராலும் எதையும் சொல்ல முடியாத நிலையில் இருந்ததைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சிறிய மருத்துவமனையில் எடுத்து, உறவினர் கையில் கொடுத்து வெளி ஆய்வகத்துக்கு அனுப்பும் வழக்கம் நம் ஊரில் உண்டு என்பதால் இதைச் சொல்கிறேன். குடுவைக்கு அகன்ற வாய் இருக்க வேண்டும். குறுகிய வாய் வழியாக மெத்தென்று உள்ளே போன திசு, ஃபார்மலினில் விறைத்த பிறகு வெளியே வராது. பெயர், வயது, மருத்துவமனை எண் மூன்றும் மூடியில் இல்லாமல் குடுவையின் உடலில் எழுதப்பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் மேசையில் பத்துக் குடுவைகளைத் திறந்து வைத்தால் மூடி எதற்கு எது என்று தெரியாமல் போகும்.

பெரியப்பாவின் துணுக்கு எங்கள் ஆய்வகத்துக்கே வந்தது. மெழுகுக் கட்டியில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் நான்கு பங்கு கனத்தில் சீவி, சாயமேற்றிய தகட்டை மருத்துவர் பார்த்துவிட்டு என்னையும் பார்க்கச் சொன்னார். சவ்வு இருந்த கோடே ஓரிடத்தில் இல்லை. அங்கிருந்து செல்கள் தீவுத் தீவாகக் கீழே இறங்கியிருந்தன. சில தீவுகளின் நடுவில், தோலையும் நகத்தையும் கெட்டியாக்கும் கெரட்டின் என்ற புரதத்தின் முத்துகள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (தட்டைச் செல்களில் எழும் புற்று), நடுத்தர வேறுபாடு (செல்கள் தம் இயல்பான தோற்றத்தை ஓரளவே காட்டுகின்றன) என்று அறிக்கை எழுதப்பட்டது.

இந்த இறங்குதல் வெறும் தள்ளுமுள்ளு அல்ல. தோல் செல்கள் பக்கத்துச் செல்லை ஈ-கேடரின் என்ற புரதத்தால் பிடித்துக்கொண்டிருக்கின்றன. புற்றின் முன்விளிம்பில் உள்ள செல்கள் அந்தப் பிடியைத் தளர்த்திக்கொள்கின்றன, வடிவத்தை மாற்றிக்கொண்டு நகரும் திறனைப் பெறுகின்றன, சவ்வையும் அதற்குக் கீழுள்ள நார்த் திசுவையும் கரைக்கும் நொதிகளை வெளியிடுகின்றன. சுற்றியுள்ள நல்ல செல்களையும் தம் பக்கம் திருப்பிக்கொள்கின்றன: காயம் ஆற்றுவதற்கென்று இருக்கும் நார்ச்செல்கள், ஆறாத காயம் ஒன்று இருப்பதாகவே நடந்துகொண்டு, புற்றுக்கு வேண்டிய வளர்ச்சிப் பொருள்களைச் சுரந்து கொடுக்கின்றன. இரத்தக் குழாய்களையும் புற்று வரவழைத்துக்கொள்கிறது. புதிய இரத்தக் குழாய் இல்லாமல் ஒரு கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்று ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதியபோது பலர் ஏற்கவில்லை. இன்று அந்தக் குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்துகளே இருக்கின்றன.

சவ்வுக்குக் கீழே வந்துவிட்ட செல்லுக்கு மூன்று வழிகள் உண்டு. வாய்ப் புற்று பெரும்பாலும் முதலில் எடுப்பது நிணநீர்க் குழாயை. அந்தக் குழாயின் சுவர் மெல்லியது, இடைவெளிகள் உள்ளது, நுழைவது எளிது. கன்னத்தின் நிணநீர் தாடைக்குக் கீழும் கழுத்தின் மேற்பகுதியிலும் உள்ள கணுக்களுக்குப் போகிறது; நாம் நெறி என்று சொல்வது அவற்றைத்தான். இரண்டாவது வழி இரத்தக் குழாய். மூன்றாவது, நரம்பைச் சுற்றியுள்ள உறையைப் பற்றிக்கொண்டு அதன் நெடுகிலும் ஊர்ந்து போவது.

இங்கேதான் கத்தியைப் பற்றிய அச்சத்துக்கு விடை இருக்கிறது. இரத்தத்தில் செல் கலந்துவிட்டாலே நோய் பரவிவிடும் என்றால், முற்றிய கட்டி உள்ள எவரும் தப்ப முடியாது, ஏனென்றால் கட்டிகள் கத்தி படாமலே செல்களை இரத்தத்தில் உதிர்க்கின்றன. ஐசையா ஃபிட்லர் 1970இல், அடையாளமிட்ட புற்றுச் செல்களை எலிகளின் இரத்தத்தில் நேரடியாகச் செலுத்திப் பார்த்தார். ஒரு நாள் கழித்து உயிரோடு இருந்தவை ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு. இரத்த ஓட்டத்தின் வேகம் பலவற்றைச் சிதைக்கிறது, எதிர்ப்புச் செல்கள் பலவற்றைக் கொல்கின்றன, பற்றுவதற்கு இடம் இல்லாத தோல் செல் பொதுவாகத் தானாகவே இறந்துவிடுகிறது. இதையெல்லாம் தாண்டி வேறோர் உறுப்பில் இறங்கியதும் அங்கே வளர முடிய வேண்டும். ஆங்கிலேய அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 1889இல் ஒரு கேள்வி எழுப்பினார்: இரத்தம் எல்லா உறுப்புக்கும் போகும்போது, கல்லீரலில் இவ்வளவு அடிக்கடியும் மண்ணீரலில் இவ்வளவு அரிதாகவும் புற்று ஏன் வருகிறது? விதை எல்லாத் திசையிலும் விழுந்தாலும் தனக்கு ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்பது அவருடைய விடை. எந்தக் குழாயின் வழியில் எந்த உறுப்பு முதலில் வருகிறது என்பதும் முக்கியம் என்று பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். கன்னத்துப் புற்று முதலில் கழுத்துக்குப் போவதற்கு அந்த வழியமைப்பே காரணம். எப்படியானாலும், பரவுவது என்பது பல தடைகளைத் தாண்டும் திறன் வாய்ந்த சில செல்களின் வேலை. அந்தத் திறன் நாள் கடத்துவதால் வளர்கிறது. ஒரு துணுக்கை வெட்டுவதால் அது செல்லுக்குள் வந்துவிடுவதில்லை. இதை வீட்டில் விளக்கியபோது சித்தப்பா முழுமையாக ஏற்றுக்கொண்டார் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மறுப்பதை நிறுத்தினார்.

அடுத்த வாக்குவாதம் கழுத்தைப் பற்றியது. ஸ்கேனிலும் கையால் தொட்டுப் பார்த்ததிலும் பெரியப்பாவின் கழுத்தில் ஒன்றும் இல்லை. ஆனாலும் கன்னத்துக் கட்டியோடு இடது கழுத்தின் கணுக்களையும் எடுக்க வேண்டும் என்றார்கள். ஒன்றும் இல்லாத கழுத்தில் எதற்கு அறுவை என்று பெரியப்பாவே கேட்டார். இந்தக் கேள்விக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் விடை தேடினார்கள். கழுத்தில் நெறி இல்லாத ஆரம்ப நிலை வாய்ப் புற்று நோயாளிகளை இரு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு முதல் அறுவையிலேயே கழுத்துக் கணுக்களை எடுத்தார்கள். மற்றவர்களுக்கு நெறி தோன்றிய பிறகு எடுத்தார்கள். அனில் டிக்ரூஸ் தலைமையில் 2015இல் வெளியான முடிவின்படி, மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 80 சதவீதம், இரண்டாவதில் 67.5 சதவீதம். முதலிலேயே எடுக்கப்பட்டவர்களில் ஏறத்தாழ பத்தில் மூவருக்கு, வெளியே தெரியாமல் கணுவுக்குள் புற்று இருந்தது. பெரியப்பா அந்தப் பத்தில் மூவரில் ஒருவராக இருந்தார்.

கழுத்திலிருந்து வரும் பொருள் பார்ப்பதற்குக் கொழுப்புப் பிண்டம்தான். அதை விரல்களால் பிசைந்து பிசைந்து, கடுகளவு, பட்டாணியளவு கணுக்களை ஒவ்வொன்றாகத் தேடி எடுக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு ஆகாத வேலை. பெரிதாக இருந்த இரண்டு கணுக்களில் ஒன்றும் இல்லை, பல்லில் இருந்த சீழால் வீங்கியவை. புற்று இருந்தது சிறிய கணு ஒன்றில். நெறி கட்டினால் புற்று என்றோ, கட்டாவிட்டால் இல்லை என்றோ கையால் தொட்டுச் சொல்லிவிட முடியாது என்பதை அன்று போல் எந்த நாளும் நான் தெளிவாகக் கண்டதில்லை.

அறுவைக்குப் பின் வரும் அறிக்கையைப் பலர் கடைசி வரியை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிடுகிறார்கள். மேற்சிகிச்சை வேண்டுமா, எது வேண்டும் என்பதைத் தீர்மானிப்பவை நடுவில் உள்ள வரிகள். கட்டியின் நீள அகலத்தைவிட, அது சவ்வு மட்டத்திலிருந்து எத்தனை மில்லிமீட்டர் கீழே இறங்கியிருக்கிறது என்பது நிணநீர்க் குழாய்களை எட்டும் வாய்ப்பை நன்றாகக் காட்டும்; அதனால்தான் 2018 முதல் நடைமுறைக்கு வந்த, நோய் எந்த நிலையில் இருக்கிறது என்று வகுக்கும் பகுப்பில் 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் ஆழங்கள் எல்லைகளாக வைக்கப்பட்டன. பெரியப்பாவுக்கு 7 மில்லிமீட்டர். வெட்டு விளிம்புக்கும் புற்றுக்கும் இடையே 5 மில்லிமீட்டராவது நல்ல திசு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் தள்ளி வெட்டியதாகச் சொன்னாரே, அறிக்கையில் 6 மில்லிமீட்டர் என்று இருக்கிறதே என்று மருத்துவரோடு சண்டைக்குப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். உடலிலிருந்து எடுத்ததும், பிறகு ஃபார்மலினிலும் திசு சுருங்கும், அதில் ஏமாற்று எதுவும் இல்லை. எத்தனை கணுக்கள் ஆராயப்பட்டன, எத்தனையில் புற்று, கணுவின் உறையைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறதா, நரம்பைச் சுற்றி இருக்கிறதா, குழாய்களுக்குள் இருக்கிறதா என்ற வரிகளையும் தேடிப் படிக்க வேண்டும். உறை துளைக்கப்பட்டிருந்தாலோ வெட்டு விளிம்பில் புற்று இருந்தாலோ, கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற மருந்தையும் சேர்ப்பது வழக்கம். பெரியப்பாவுக்கு உறை துளைக்கப்படவில்லை. நரம்பைச் சுற்றி இருந்தது. ஆகவே கதிர்வீச்சு மட்டும், ஆறு வாரம்.

கதிர்வீச்சை எங்கள் பக்கம் கரண்ட் வைப்பது என்பார்கள். பழுதை அதிகமாக்கி, அதைச் சரி செய்யத் தெரியாத செல்களைச் சாகச் செய்வதே அதன் வழி. நல்ல செல்கள் ஓரளவு சரி செய்துகொள்வதற்காகத்தான் மொத்த அளவையும் சிறு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வாய் வெந்துபோய்ச் சாப்பிட முடியாத மூன்றாவது வாரத்தில் பலர் ஊருக்குப் போய்விட்டுத் தெம்பு வந்ததும் தொடரலாம் என்று நினைக்கிறார்கள். அது கூடாது, மிஞ்சியிருக்கும் புற்றுச் செல்கள் அந்த இடைவெளியில் முன்பைவிட வேகமாகப் பெருகும். மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சி கொடுத்தாவது தொடர்ந்து முடிப்பதே நல்லது. கெட்டுப்போன பற்களைக் கதிர்வீச்சுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும், பிறகு எடுத்தால் தாடையெலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. வாய் திறக்கும் பயிற்சியை முதல் வாரத்திலேயே தொடங்கி, சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் செய்ய வேண்டும். பெரியப்பா ஐஸ் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்துப் பழகினார். இன்று இட்டிலியைப் பிட்டுச் சாப்பிடும் அளவுக்கு வாய் திறக்கிறது.

வேறு மருத்துவமனையில் கருத்துக் கேட்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று. அறிக்கையைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் பயன் குறைவு. மெழுகுக் கட்டிகளையும் கண்ணாடித் தகடுகளையும் எழுதிக் கொடுத்து வாங்கிச் செல்லலாம். அடையாறு புற்றுநோய் மையம் போன்ற இடங்களில் அவற்றைத்தான் கேட்பார்கள். பிளாக் என்று நாங்கள் சொல்லும் அந்த மெழுகுக் கட்டி, வெயிலில் வைத்து உருகவிடாமல் இருந்தால், பல ஆண்டுகள் கழித்தும் புதிதாகச் சீவிப் புதிய சோதனை செய்யத் தகுந்தது. அறிக்கையில் மேலே உள்ள ஆய்வக எண்ணைத் தனியாகக் குறித்து வையுங்கள். அந்த எண் இல்லாமல், பழைய பிளாக்கைத் தேடி வந்தவர்களுக்கு எங்களால் உதவ முடியாமல் போயிருக்கிறது.

சிகிச்சை முடிந்த பிறகு பெரியப்பா புகையிலையை விட்டார், பாக்கை மட்டும் ஒரு துண்டு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தார். கூடாது என்று சொல்ல, ஸ்லாட்டரும் அவருடைய சகாக்களும் 783 வாய்ப் புற்று நோயாளிகளை ஆராய்ந்து 1953இல் எழுதியது எனக்கு உதவியது. கட்டியைச் சுற்றி நல்லதாகத் தெரிந்த தோலிலும் மாறிய செல்கள் இருப்பதை அவர்கள் கண்டார்கள். ஒரே பொருள் வாய் முழுவதிலும் பட்டிருக்கும்போது கெடுதல் ஓரிடத்தில் மட்டும் நின்றுவிடுவதில்லை. கட்டியை எடுத்தாலும், பாதி வழி வந்துவிட்ட செல்கள் மற்ற இடங்களில் காத்திருக்கக்கூடும். அவருடைய வலது கன்னத்தில் சென்ற ஆண்டு ஒரு சிறு வெண்திட்டு தெரிந்தது. இந்த முறை வீட்டில் யாரும் வாக்குவாதம் செய்யவில்லை, அதே வாரத்தில் பயாப்சி எடுத்தோம். லேசான டிஸ்பிளேசியா என்று வந்தது; சவ்வு முழுதாக இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளில்தான் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம் என்பதால் அடிக்கடி வரச் சொன்னார்கள், இப்போது இடைவெளியை நீட்டியிருக்கிறார்கள். சித்தப்பாவும் புகையிலை போடுகிறவர். பெரியப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போது அவரையும் உடன் கூட்டிப் போய், கன்னத்தை விலக்கி, நாக்கைத் தூக்கி, வெளிச்சத்தில் காட்டிவிட்டு வருகிறோம்.